தாசில்தாருக்கு இரண்டு யூனிட்

சேசு மரி சூசை

ஜெயில், மதுரை
8.1.1999

தம்பி பிரான்சிசுக்கு அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது.

பதினோரு வருடமாக நாம் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. இது கடிதம்.

விஷயம் என் பூனை தாசில்தாரைப் பற்றியது. நான் உள்ளே வந்ததிலிருந்து கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பாக்கியராஜ்தான் காலையும் மாலையும் வீட்டுக்கு வந்து அதற்கு இன்சுலின் ஊசி போட்டார். அவருக்குத் தொப்பம்பட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது. மனு போட்டு என்னைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார். எனக்காக அழவில்லை.

அக்கா செபஸ்தியம்மாள் என் வீட்டிலேயே இருந்து பூனைக்குச் சாப்பாடு வைக்கிறாள். ஆனால் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவாள். அப்பாவுக்கு நான் ஊசி போடும்போது விழுந்து அந்தோணியார் சொரூபத்தை உடைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

மிச்சம் நீதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். கெமிஸ்ட்ரி வாத்தியார். புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியும்.

ஊசி நின்றால் அது தண்ணீராகக் குடித்து, தண்ணீராகப் போய், எலும்பாகிச் சாகும். அப்பா செத்ததைப் பார்த்தோமே, அதே சாவு. கோர்ட்டில் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அது வேறு. மருந்து ஃபிரிட்ஜ் கதவில், எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

அது செத்தால், உன் வலது கையில் மிச்சமிருக்கும் மூன்று விரலையும் எடுப்பேன்.

ஸ்தனிஸ்லாஸ்


திண்டுக்கல்
15.1.1999

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இடது கையால் எழுதுகிறேன். எழுத்தின் கோணலுக்கு யார் காரணம் என்பது கோர்ட்டு விசாரணையில் இருப்பதால் இங்கே சொல்லவில்லை.

ஆனால் நடந்ததை ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். ஜெயிலில் மறதி அதிகம் என்று கேள்வி.

போன செப்டம்பரில் என் மொட்டைமாடிக் குழாய்த் தண்ணீர் உங்கள் பக்கம் கொட்டுகிறது என்று தாசில்தாரிடம் புகார் செய்தீர்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் நடுவில் ஒரு பிராணியை நிறுத்திப் பேசுவதுதானே நம் வழக்கம். இந்தப் பூனைக்கு முன்பு ஒரு சேவல் அந்த வேலையில் இருந்தது. "ஏலே தாசில்தாரு, இம்புட்டுப் படிச்ச எருமைக்குக் குழாயை எந்தப் பக்கம் விடணும்னு தெரியலையே" என்று சுவருக்கு மேலே குரல் கேட்டது. நானும் பூனையைப் பார்த்தே, "தாசில்தாரே, டயர் விக்கிற மூதேவிக்கு மழைத் தண்ணிக்கும் குழாய்த் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியலை" என்றேன். பூனையிடம் பேசிக்கொண்டிருந்த வரை யாருக்கும் காயமில்லை. அன்றைக்குத்தான் நீங்கள் பூனையை விட்டுவிட்டு நேராக என் பெயரைச் சொன்னீர்கள். சுவரேறி வந்தீர்கள். தேங்காய் வெட்டும் அரிவாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுட்டுவிரல், நடுவிரல். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

நடுவிரலை என் மனைவி வினோலியா ஐஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். டாக்டர், "இன்னொண்ணு எங்க?" என்றார். இன்னொன்றைத் தாசில்தார் கவ்விக்கொண்டு உங்கள் மோட்டார் அறைக்குள் போனதை எதிர்வீட்டு முத்துச்சாமி பார்த்திருக்கிறார். நடுவிரலும் ஒட்டவில்லை. அதை அடக்கம் செய்யக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டேன். ஃபாதர், "ஆள் முழுசா வரட்டும் சார், சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்றார்.

பார்த்ததைப் போலீசில் சொன்ன குற்றத்துக்காக, ஜாமீனில் வந்த அன்றே முத்துச்சாமியின் தோளை முக்காலியால் உடைத்தீர்கள். ஜாமீன் ரத்தானதற்கு என்மேல் பழி போட வேண்டாம். என் கை அப்போது கட்டுக்குள் இருந்தது.

சர்க்கரை நோய் வந்த பூனைக்குத் தீராப் பசி எடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் விரலைத் தின்ற ஜீவனுக்கு மிச்சக் கையால் மருந்து கொடுத்தவர்களைப் பற்றிப் புனிதர் வரலாறுகளில்கூட நான் படித்ததில்லை. ஆகவே முடியாது.

பிரான்சிஸ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட வெளியே வந்தேன். சுவரடியில் அது ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. பக்கத்திலேயே அது படுத்திருக்கிறது. என்னைப் பார்த்தும் எழுந்து ஓடவில்லை. கூடையில் வைத்து டாக்டர் அறிவுச்செல்வியிடம் கொண்டுபோகிறேன். இன்றைக்கு மட்டும். எங்கே பிடித்தால் கடிக்காது என்று நீங்கள் எழுதவில்லை. மிரட்டல் மட்டும் தெளிவாக இருக்கிறது.


ஜெயில், மதுரை
21.1.1999

தம்பிக்கு,

எங்கே பிடித்தாலும் கடிக்கும். துண்டைச் சுற்றி மடியில் வை.

கவனமாகப் படி. முதலில் சாப்பாடு. வேகவைத்த கோழி, முட்டை, மீன். சோறும் பாலும் கூடாது. பாதியாவது தின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி. தின்னவில்லை என்றால் ஊசி கிடையாது. புட்டியைக் குலுக்காதே, உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டு. சிரிஞ்சில் இரண்டு கோடு. இரண்டு யூனிட். காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்று. பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, கூடாரத்துக்குள் குத்து. சதையில் குத்தாதே.

ஊசி போட்ட பிறகு அது பட்டினி கிடந்தால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். தள்ளாடும், விறைக்கும். அப்படி ஆனால் சர்க்கரைப் பாகை ஈறில் தேய்த்துவிட்டு டாக்டரிடம் ஓடு. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிடுங்குவது வயிற்றில் கத்தியை இறக்குவதற்குச் சமம். கத்தியைப் பற்றி நான் சொன்னால் சரியாக இருக்கும்.

கடிதங்களைப் படித்துப் பார்த்துக் கொடுக்கும் அதிகாரி, எந்தத் தாலுகா தாசில்தாருக்கு ஊசி என்று கேட்டார். பூனை என்றேன். நம்பவில்லை. என்னோடு இருக்கும் மொக்கைச்சாமி வந்து சாட்சி சொன்னான். மாமனாரை வெட்டியவன், ஆனாலும் பொய் பேசமாட்டான்.

நேற்று ஒருத்தன், "பூனைக்கு ஊசியாம்ல, கோழிக்குக் கண்ணாடி மாட்டியாச்சா?" என்றான். சாப்பாட்டுத் தட்டால் அடித்தேன். மூக்கு உடைந்தது. இதைத் தனி அறையில் இருந்து எழுதுகிறேன். அமைதியாக இருக்கிறது.

ஸ்தனிஸ்லாஸ்


திண்டுக்கல்
12.2.1999

அண்ணனுக்கு,

தங்கள் செய்முறைக் குறிப்புகளைப் பின்பற்றினேன். கண்டறிந்தவை: இடது மணிக்கட்டில் பல் இறங்கிய இரண்டு ஓட்டை. முழங்கை வரை நகக்கீறல். வினோலியாவின் புடவையில் ரத்தம், அது என்னுடையது. பூனைக்குக் காயமில்லை. டாக்டர் அறிவுச்செல்வி என் கையைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க மனுச ஆஸ்பத்திரிக்குப் போகணும். இங்க பூனைக்கு மட்டுந்தான் சீட்டு" என்றார்.

சிறுநீரைப் பள்ளி ஆய்வகத்தில் இருந்து கொண்டுவந்த பெனடிக்ட் கரைசலில் சோதிக்கிறேன். அது குந்தியதும் பின்னால் ஓடிப்போய்க் கரண்டியை நீட்ட வேண்டும். முத்துச்சாமி உடைந்த தோளோடு ஜன்னலில் நின்று, "வாத்தியாரே, நீங்க நல்லாத்தான படிச்சீக?" என்று கேட்டார். சூடாக்கினால் நீலம் மாறிச் செங்கல் சிவப்பாகிறது. சர்க்கரை ஏராளம் என்று பொருள். அப்பாவுடையதும் இதே சிவப்புதான். அப்போது சோதனைக் குழாயைப் பிடித்தவன் நான், ஊசி போட்டவர் நீங்கள். மற்ற எதிலும் நாம் சேர்ந்து வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்குள்ள சிக்கல் வேறு. பூனையை அமுக்க இடது கை வேண்டும். வலது கையில் சிரிஞ்சைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்தால், தண்டைத் தள்ள ஆளில்லை. ஊசி வளைகிறது. மருந்து ரோமத்தில் போகிறது. தள்ள வேண்டிய விரல் எங்கே இருக்கிறது என்று என் மடியில் இருப்பதற்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஊசி போடப் போனபோது, அது என் மொட்டை விரல்களிலேயே கடித்தது. பழகிய ருசி போலும். நான் சிரிஞ்சில் நாற்பது கோடும் நிறைய இழுத்தேன். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு தள்ளு போதும். ரத்தம் இல்லை, சுவரேற வேண்டியதில்லை, முத்துச்சாமி பார்த்தாலும் மருந்து என்றுதான் நினைப்பார். உங்கள் வேலையைவிடப் பல மடங்கு சுத்தமான வேலை. அது துண்டுக்கு வெளியே ஒரு காலை நீட்டி முகம் துடைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் முப்பத்தெட்டைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு இரண்டைப் போட்டேன். பூசைக்குப் போகவில்லை.

உங்களை மிரட்டத்தான் இதை எழுதுகிறேன். எல்லா மிரட்டலும் ஒரே பக்கத்தில் இருந்து வருவது நியாயமில்லை.

சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது. ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் ஆறு. கொலை முயற்சி வழக்கு என்பதால் நான் சொல்வதைப் பொறுத்துப் பத்து வருடம்கூட ஆகலாம் என்று அரசு வக்கீல் மகிழ்ச்சியோடு சொன்னார்.

பிரான்சிஸ்


ஜெயில், மதுரை
24.2.1999

ஏலே பிரான்சிஸ்,

படித்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். அதில் ஒருத்தனுக்குப் பல் போனது, அவன் மேல் எனக்கு விரோதமே இல்லை. நாற்பது இழுத்த கையை அன்றைக்கே மணிக்கட்டோடு எடுத்திருக்க வேண்டும். விரலோடு விட்டது என் தப்பு. வெளியே வந்ததும் முதல் வேலை அதுதான். பத்து வருடம் ஆனாலும் சரி. நீ அதுவரை செத்துப்போகாமல் இரு.

ஊசியைப் பிடிக்கும் முறை. மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துச் சிரிஞ்சுக்கு அடியில் கொடு. பெருவிரலைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடி. அதைக் கொண்டு தள்ளாதே. தோலுக்குள் ஊசி போன பிறகு சிரிஞ்சைப் பின்னால் நழுவவிட்டு, பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடு இருக்கிறதே, அந்த மேட்டால் தண்டைத் தள்ளு. விரலே தேவைப்படாது. கை நடுங்கினாலும் ஊசி நடுங்காது.

மொக்கைச்சாமியிடம் ஒரு பேனா இருக்கிறது. பனியனைக் கிழித்து, என் வலது கையில், உனக்கு இல்லாத இரண்டு விரலையும் மடக்கிக் கட்டிவிடச் சொல்லி, பேனாவை வைத்துப் பழகிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சரியாக வரும்வரை கட்டை அவிழ்க்கவில்லை. சாப்பிட்டது, துணி துவைத்தது எல்லாம் அப்படியேதான். சட்டைப் பொத்தான் மட்டும் போட வரவில்லை.

நீ எப்படிப் போடுகிறாய்?

ஸ்தனிஸ்லாஸ்


திண்டுக்கல்
3.4.1999, பெரிய சனி

அண்ணனுக்கு,

சட்டைப் பொத்தானை வினோலியா போட்டுவிடுகிறாள்.

நீங்கள் சொன்ன பிடி நன்றாக வருகிறது. ஊசி வளைவதில்லை. மார்ச் கடைசியில் கரைசல் பச்சையில் நின்றது. அது எடை கூடி, சுவரேறித் திரிந்தது. உங்களுக்கு நல்ல செய்தியாக எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் நேற்று பெரிய வெள்ளி வந்தது.

காலையில் உங்கள் வீட்டில் கோழியை வைத்தேன். அது தின்னத் தொடங்கியது. பாதி முடியும்வரை நிற்காமல் ஊசியைப் போட்டுவிட்டுச் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு ஓடினேன். இது என் பிழை. மற்றது அக்காவுடையது. நான் போனதும் அக்கா உள்ளிருந்து வந்து தட்டைப் பிடுங்கி, கோழியைக் கிணற்றடி நாய்க்குப் போட்டுவிட்டு, பூனைக்கு உப்பில்லாத கஞ்சி ஊற்றியிருக்கிறாள். அது கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நான் வரும்போது சுவரடியில் பக்கவாட்டில் கிடந்தது. நான்கு காலும் நீந்துவது போல் அடித்தன. வாயில் நுரை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அக்கா ஜெபமாலையோடு நின்றாள். "சாத்தான் புடிச்சிருக்குப்பா. தீர்த்தம் தெளிக்கட்டா?" என்றாள். என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். "பெரிய வெள்ளியன்னிக்கு நம்ம வீட்டுக்குள்ள கவிச்சியா? அதுவும் மனுச மாமிசம் தின்ன பூனை. ஒரு நாளாச்சும் ஒறுத்தல் இருந்தா அதுக்கும் நல்லதுதான?" என்றாள். என் விரலுக்காகப் பூனையைப் பரிகாரம் செய்ய வைத்திருக்கிறாள்.

கஞ்சிக் கலயம் என் பக்கத்தில் இருந்தது. அடுத்து நான் பார்த்தது, அக்காவின் நெற்றியில் இருந்து ரத்தம் ஒழுகியதை. எறிந்த ஞாபகம் இல்லை. கை போய்விட்டது, தகவல் பிறகுதான் வந்தது. அவள் உட்கார்ந்தபடி, "நீயுமாடா?" என்றாள்.

வினோலியா சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தாள். பூனையின் பல் கிட்டியிருந்தது. கரண்டி நுழையவில்லை. சுட்டுவிரல் மொட்டையைப் பாகில் முக்கி, கடைவாய் ஓரமாக நுழைத்து ஈறில் தேய்த்தேன். முழு விரலாக இருந்தால் நுழைந்திருக்காது. அது கடித்தது. பல் எலும்பில் முட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. உருவியிருந்தால் சதை பிய்ந்திருக்கும், பாகும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே உருவவில்லை. அப்படியே தேய்த்தேன். ரத்தமும் பாகும் சேர்ந்துதான் போயிருக்கும். சற்று நேரத்தில் தாடை தளர்ந்தது.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். முதலில் பூனைக்குக் குளுக்கோஸ், பிறகு மனுச ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நெற்றியில் தையல், எனக்கும் தையல். பூனை உயிரோடு இருக்கிறது. இன்று காலை முட்டை தின்றது. நின்று பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கூண்டில் ஏறுகிறேன். நடந்ததைத்தான் சொல்வேன். வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பிரான்சிஸ்


ஜெயில், மதுரை
2.5.1999

தம்பிக்கு,

தீர்ப்பு நாளில் நீ வரவில்லை. ஊசி நேரம் என்று வக்கீல் சொன்னார். சரி.

சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டில் உன்னைப் பார்த்தபோது முதலில் விரல் கட்டைத்தான் பார்த்தேன். பிறகு அக்கா நெற்றியைப் பார்த்தேன். ஜட்ஜ் ஐயா அவளிடம், "என்னம்மா காயம்?" என்று கேட்டதும், "கோயில் படியில விழுந்துட்டேன் சாமி" என்றாள். சத்தியம் வாங்கிய பிறகுதான் சொன்னாள். பெரிய வெள்ளிக்குக் கோழி கூடாது, பொய் மட்டும் ஆகும் போல.

நான் வெட்டியதைச் சொன்னாய். அரிவாளைக் காட்டினாய். குழாயைப் பற்றிச் சொன்னாய். முத்துச்சாமி பின்னால் உட்கார்ந்து தலையாட்டினான். எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் நடந்ததுதான். பிறகு அரசு வக்கீல், "கொல்லணும்னுதானே வெட்டினாரு?" என்று கேட்டார். பத்து வருடம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

"கழுத்துக்கு வர நேரம் இருந்துச்சுங்கய்யா. வரலை" என்றாய். "அரிவாளைக் கீழ போட்டுட்டு, தரையில முட்டி போட்டு விரலைத் தேடினாரு. பூனை முந்திக்கிருச்சு" என்றாய்.

கோர்ட்டே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, நீயும் சிரிக்கவில்லை.

நான் தேடியதை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டு என்னையா பார்த்துக்கொண்டிருந்தாய், மடையா?

கொலை முயற்சி நிற்கவில்லை. கொடுங்காயத்துக்கு மூன்று வருடம். முத்துச்சாமியின் தோளுக்குத் தனியாக இருக்கிறது. வெளியே வரும்போது தாசில்தாருக்கு வயது பதின்மூன்று ஆகும். அதுவரை அதை உயிரோடு நிறுத்தி வை. அக்காவைச் சமையற்கட்டுக்கு உள்ளேயே வை.

வந்ததும் அந்தக் குழாயை உடைப்பேன். கையைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. குழாயைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.

ஸ்தனிஸ்லாஸ்


திண்டுக்கல்
23.5.1999

அண்ணனுக்கு,

கரைசல் நீலமாகவே நிற்கிறது. கொதிக்கக் கொதிக்க நீலம். என் சந்தேகத்துக்கு மூன்று சோதனைக் குழாயில் செய்தேன், மூன்றும் நீலம், அதாவது சர்க்கரை இல்லை. ஒழுங்கான தீனியும் மருந்தும் கிடைத்தால் சில பூனைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர் அறிவுச்செல்வி. ஒரு யூனிட்டுக்கு இறக்கினார். போன வாரம் அதையும் நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வரலாமாம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆகவே இப்போது ஊசி இல்லை. பழக்கத்தில் காலையில் புட்டியை எடுத்து உருட்டிவிட்டு மறுபடி ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைக்கிறேன். பூனையும் வந்து மடியில் ஏறித் துண்டுக்காகக் காத்திருக்கிறது. ஊசி வரவில்லை என்று தெரிந்ததும் கடிக்கிறது.

அக்காவுக்கு நெற்றியில் தழும்பு தங்கிவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். என்னிடம் பேசுவதில்லை. "தாசில்தாரு, அந்தக் கொலைகாரனைச் சாப்பிடக் கூப்பிடு" என்கிறாள். போய்ச் சாப்பிடுகிறேன்.

நேற்று கோடைமழை. குழாய்த் தண்ணீர் முழுக்க உங்கள் வாசலில்தான் கொட்டியது. குழாயை என் பக்கம் திருப்பிவிடலாமா என்று தாசில்தாரிடம் கேட்டேன். வழக்கப்படி சுவரைப் பார்த்து, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சத்தமாக. பூனை ஒரு காதை மட்டும் உங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தது. நானும் நின்றேன்.

குழாயைத் திருப்பவில்லை. நீங்களே வந்து உடைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சிஸ்